எனக்கு உடைக்காத சோடா

தூத்துக்குடியில் ரயிலைவிட்டு இறங்கியதும் நான் பார்த்தது துறைமுகத்தையோ உப்புக் குவியல்களையோ அல்ல, ஜெயசீலனின் சட்டையை. சென்னையிலிருந்து இருவரும் ஒரே பெட்டியில்தான் வந்தோம். என் சட்டை பிழிந்து உதறாத துணியாகக் கிடந்தது. அவன் சட்டையில் போட்ட மடிப்பு போட்டபடி இருந்தது. அப்போதே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. நேரில் அவனை ‘சார்’ என்றுதான் கூப்பிடுவேன். மனசுக்குள் அவன், இவன்தான். இங்கேயும் அப்படியே எழுதிவிடுகிறேன்.

வந்த காரியம் இது. எழுபதுகளின் நடுவில் நான் சென்னையில் ஒரு நைலான் வலைக் கம்பெனியின் கிடங்கில் வேலை பார்த்தேன். தெற்குக் கடற்கரையில் பல ஊர்களில் இன்னும் பருத்தி வலைதான் வைத்திருந்தார்கள். ஊர் ஊராகக் கூட்டம் போட்டு, மைக் வைத்து, நைலான் வலையைப் பற்றிப் பேச வேண்டும் என்று மேனேஜர் முடிவு செய்தார். பேசுவதற்கு ஜெயசீலன், வலையைத் தூக்கிக்கொண்டு போய் விரித்துக் காட்டுவதற்கு நான். கிளம்பும்போது மேனேஜர் ஒன்று சேர்த்துச் சொன்னார். “ஏகாம்பரம், நீயும் பேசிப் பாரு. கடைசிக் கூட்டத்துக்கு நானே தூத்துக்குடி வர்றேன். உங்க ரெண்டு பேர்ல ஒருத்தரைத்தான் அங்க நிரந்தரமாப் போடப் போறேன்.”

தென்கரைப் பிரதிநிதி என்பது அந்த வேலையின் பெயர். தனி அறை, கம்பெனி மோட்டார் சைக்கிள், பெயர் அச்சடித்த அட்டை. கிடங்கில் எனக்கு இருந்ததெல்லாம் எலிகளும், காலையிலிருந்து மாலைவரை வலை வாங்க வந்து நச்சரிக்கும் காசிமேட்டுக்காரர்களும்தான். எனக்கு அந்த வேலை வேண்டும். நாலு பேர் முன்னால் எழுந்து நின்றால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும் என்பது மட்டும்தான் குறை.

ஊரில் எங்கள் வலையை விற்கும் கடைக்காரர் பிச்சையா அண்ணாச்சி எங்களை நேராகப் பரோட்டா கடைக்கு அழைத்துப்போனார். இங்கே பரோட்டாவை எண்ணெயில் முக்கிப் பொரித்தே எடுத்துவிடுகிறார்கள். நொறுங்கும்படி பிய்த்துப் போட்டு, அதன்மேல் சால்னாவைக் கொட்டுகிறார்கள். எங்கள் வண்ணாரப்பேட்டையில் இதைப் பரோட்டா என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் இரண்டாவது செட் கேட்காமல் எழுந்திருக்கவும் மாட்டார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டால் அரை டம்ளர்தான் வந்தது. பக்கத்து மேசையில் இரண்டு லாரி டிரைவர்கள் எனக்கும் அரைகுறையாகப் புரிகிற மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். “இந்த ஊரில் தண்ணீரைவிட எண்ணெயைத்தான் தாராளமாக ஊற்றுகிறார்கள்” என்று ஒருவர் சொல்ல, மற்றவர் தலையாட்டினார்.

ஜெயசீலன் இந்தப் பக்கத்து நாசரேத்துக்காரன். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன். கல்லூரியில் பேச்சுப் போட்டி என்றால் மற்றவர்கள் பெயரே கொடுக்க மாட்டார்களாம். இதை அவன் சொல்லவில்லை. அண்ணாச்சி சொன்னார். “பையன் பேசுதான்னா கேட்டுக்கிட்டே இருக்கலாம்” என்று, இன்னும் அவன் பேச்சைக் கேட்காத அண்ணாச்சியே சொன்னார். ஊர்க்காரன் என்றால் அப்படித்தான்.

முதல் கூட்டம் அன்று மாலையே, தூத்துக்குடியில் மீனவர் தெரு ஒன்றில். ஜெயசீலன் மைக்கைப் பிடித்தான். “கதிரவன் கண் விழிக்கும் முன்னே கடல் மேல் கால் பதிக்கும் காளையரே” என்று ஆரம்பித்தான். தெருவே நிமிர்ந்தது. அது மேடைப் பேச்சின் காலம். எந்த ஊரிலும் ரசிக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அவன் குரலை எங்கே தாழ்த்துவான், எங்கே நிறுத்துவான், எங்கே கையை உயர்த்துவான் என்று எனக்கே எதிர்பார்ப்பாக இருந்தது. நடுவில் ஒருவர் எழுந்து ஓடிப்போய்க் கோலிச் சோடா வாங்கிவந்து, கட்டைவிரலால் டப்பென்று உடைத்து, பொங்கப் பொங்க அவன் கையில் கொடுத்தார்.

இந்தச் சோடாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பேசுகிறவர் கேட்டு வாங்கக் கூடாது. கூட்டம் போட்டவர்களும் வாங்கி வைக்கக் கூடாது. கேட்டுக்கொண்டிருக்கிறவர்களில் ஒருவருக்கு மனசு பொறுக்காமல், இந்தத் தொண்டை காய்ந்துவிடக் கூடாதே என்று தோன்றி, தானாக எழுந்து போக வேண்டும். கைத்தட்டல் யாருக்கும் கிடைக்கும், சோடா அப்படியல்ல. அதை ஜெயசீலன் வாங்கி, ஒரு வாய் குடித்து, பாட்டிலைப் பார்க்காமலேயே மேசையில் வைத்தான். அந்த அலட்சியத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பிறகு என்னைப் பேசச் சொன்னார்கள். நான் “வணக்கம்” என்றேன். மைக் கீச்சென்று கத்தியது. அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்பது மறந்துபோய்விட்டது. கூட்டத்தில் ஒரு பெரியவர், “தம்பி, நைலான்ல முடிச்சு நழுவுமாமே?” என்றார். என்னைக் கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். ஜெயசீலனை ஒருவரும் இப்படிக் குறுக்கே பேசி மறிக்கவில்லை. “பிறகு சொல்கிறேன்” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் வேம்பார். கடற்கரைச் சாலையில் போகும் பஸ்ஸில் பாதி மனிதர்கள், பாதி கூடைகள். மைக் செட்டுக்காரர் சுடலைமணி ஆம்ப்ளிபையரைப் பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அவர் புதுக்கோட்டைக்காரர், திருநெல்வேலி சாலையில் இருக்கும் ஊர். வயல்காட்டுப் பக்கத்துக் கல்யாணங்களுக்கும் கோயில் கொடை விழாக்களுக்கும் செட் கட்டியே பழகியவர். கடல் காற்று பட்டால் வால்வு கெட்டுவிடும் என்று வழியெல்லாம் புலம்பினார். உப்பளங்களைத் தாண்டும்போது கண் கூசியது. எங்கள் ஊரில் உப்பு கடையில் இருக்கும். இங்கே ஓலை வேய்ந்த வீடுகள் மாதிரி வரிசையாக நிற்கிறது.

வேம்பாரில் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்கள். சீனி போட்ட காப்பிக்கு இனிமேல் திரும்ப முடியுமா என்று எனக்குக் கவலை வந்துவிட்டது. கூட்டத்தில் அதே கதிரவன், அதே காளையர், அதே சோடா. இந்த முறை கலர் சோடா. முடிந்ததும் ஒருவர் ஜெயசீலனின் கையைப் பிடித்துக்கொண்டு, “அருமையாப் பேசுதிய. எந்தத் தொகுதியில நிக்கிய?” என்று கேட்டார். அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அன்று எழுந்திருக்கவே இல்லை. தொண்டை சரியில்லை என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன். வலையை மட்டும் விரித்துக் காட்டினேன். அப்போதும் இரண்டு மூன்று பேர் குந்தி உட்கார்ந்து, கண் அளவு என்ன, அறுந்தால் எப்படிப் பொத்துவது என்று நோண்டிக்கொண்டே இருந்தார்கள். ஜெயசீலனைச் சுற்றி நின்றவர்களையே பார்த்துக்கொண்டு நான் அரைகுறையாகப் பதில் சொன்னேன்.

அன்று படுத்தபடியே ஒரு முடிவுக்கு வந்தேன். அவன் பேச்சு எனக்கு ஏறக்குறைய மனப்பாடம். குரலும் எனக்குச் சின்னக் குரல் இல்லை. பழகினால் வராமலா போகும்?

அடுத்த நாள் கீழவைப்பார். கூட்டம் மாலையில். பஸ் காலையிலேயே கொண்டுபோய் இறக்கிவிட்டது. ஜெயசீலனும் அண்ணாச்சியும் ஊர்ப் பெரியவர்களைப் பார்க்கப் போய்விட்டார்கள். கோயிலுக்கு முன்னால் மணலில் ஓர் உயரமான கம்பம் இருந்தது. அதன் உச்சியில் ஊருக்குச் சொந்தமான ஒலிபெருக்கிக் குழாய், கடலைப் பார்த்தபடி. சுடலைமணிக்கு ஒரே சந்தோஷம். “இங்கன குழாய் தயாரா இருக்கு சார். நம்ம குழாயக் கட்ட வேண்டாம், ஒயர மட்டும் கோத்தாப் போதும். சாயந்தரம் இந்தப் பக்கமாத் திருப்பிக்கிடலாம்” என்றார். கோத்துவிட்டு, “மைக்க வேணும்னா சோதிச்சுப் பாருங்க” என்று டீ குடிக்கப் போனார்.

ஆண்கள் கடலில் இருந்தார்கள். பெண்கள் வீட்டு வேலையில். மணலில் ஒரு நாயும் நானும் மட்டும். இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று மைக்கை எடுத்தேன்.

முதல் தடவை மெதுவாகச் சொன்னேன். கம்பத்தின் உச்சியிலிருந்து என் குரல் கடல்மேல் போவது கேட்டது. நன்றாகத்தான் இருந்தது. அடுத்த தடவை குரலை உயர்த்தினேன். ஜெயசீலன் நிறுத்தும் இடத்தில் நிறுத்தினேன். அவனைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நிறுத்தினேன். கையைத் தூக்கினேன். கதிரவன் கண் விழித்தான், காளையர் கால் பதித்தார்கள். நாக்கு எங்கும் ஒட்டவில்லை. இந்தக் குரலை இத்தனை வருஷம் கிடங்கில் பூட்டி வைத்திருந்தேனே என்று ஆத்திரமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, மேனேஜர் முன்வரிசையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு முழங்கினேன்.

கண்ணைத் திறந்தபோது எதிரில் பெண்கள் நின்றார்கள். ஒருத்தி கை முழுக்க மாவு. ஒருத்தி ஈரத் தலையோடு. ஆகா, கூட்டம் சேர்ந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் அவர்கள் முகத்தைப் பார்த்தேன். எல்லாருக்கும் முன்னால் நின்ற, ஐம்பது வயது இருக்கும் ஓர் அம்மாள், “யாருக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டார். 

“யாருக்கும் ஒண்ணும் ஆகலையே” என்றேன்.

“அப்போ கொழாய எதுக்குத் தொறந்திய?”

அவர் கித்தேரியம்மாள். மீன் ஏலம் எடுத்து வெளியூர்ச் சந்தைக்கு அனுப்புகிறவர். அவர் கை காட்டிய பக்கம் திரும்பினேன். கடலில் படகுகளின் பாய்கள் எல்லாம் கரையைப் பார்த்துத் திரும்பியிருந்தன. வள்ளங்கள் கடலில் இருக்கும்போது அந்த ஊரில் ஒலிபெருக்கியைத் தொடவே மாட்டார்களாம். திறந்தால் இரண்டே காரணம்தான்: கடல் கெடப்போகிறது, அல்லது கரையில் ஒரு சாவு. என்ன பேசுகிறார்கள் என்பது அவ்வளவு தூரத்துக்குக் கேட்காது. குரல் கேட்டாலே போதும், வலையை அள்ளிப் போட்டுக்கொண்டு திரும்பிவிடுவார்கள். வயல்காட்டுச் சுடலைமணிக்கு அது தெரியாது. எனக்கும் தெரியாது.

வள்ளங்கள் வரும்வரை நான் அங்கேயே நின்றேன். ஓட இடமில்லை. முதலில் குதித்தவர் கித்தேரியம்மாளின் தம்பி சூசை. இடுப்பளவு தண்ணீரில் ஓடிவந்து, “அக்கா, யாரு?” என்றார். ஒருவரும் இல்லை என்றதும் அவர் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் வீட்டில் மனைவி பிரசவத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று பிறகு தெரிந்தது. அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

சத்தம் கேட்டு ஜெயசீலன் ஓடிவந்தான். சட்டை இப்போதும் கசங்கவில்லை. என் கையிலிருந்த மைக்கை வாங்கி, “அலை கடந்து கரை சேர்ந்த அன்புச் சகோதரர்களே” என்று தொடங்கினான். “அத மொதல்ல அமத்துலே” என்று ஒருவர் கத்தினார். சுடலைமணி ஒயரைப் பிடுங்கினார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

மைக் இல்லை. மேடை இல்லை. “நான்தாங்க பேசினேன்” என்றேன். “பேசிப் பழகிக்கிட்டிருந்தேன். எனக்குக் கூட்டத்துல பேச வராது. இந்த சாருக்கு எல்லா ஊர்லயும் கை தட்டுறாங்க, சோடா உடைக்கிறாங்க. எனக்குப் பொறாமை. அவர் மாதிரியே பேசணும்னு நினைச்சேன். குழாய் விஷயம் தெரியாது. தப்புதாங்க.”

 “பேசிப் பழகுததுக்கா எங்க வள்ளத்தத் திருப்புனிய?” என்றார் கித்தேரியம்மாள். “இன்னைக்கு எங்க பாடு என்னாகும்னு நெனச்சியளா?”  தலையைக் குனிந்துகொண்டேன். சூசைதான் எழுந்து, மணலைத் தட்டிக்கொண்டு, “வந்தது வந்தாச்சு. எதுக்கு வந்தியளோ அந்த வலய விரியும், பாப்போம்” என்றார்.

விரித்தேன். அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கோபத்தோடுதான் கேட்டார்கள். கையை அறுக்குமா, முடிச்சு நழுவுமா, மீன் கண்ணுக்குத் தெரியுமா, எத்தனை ஆளால் இழுக்கலாம். கிடங்கில் காசிமேட்டுக்காரர்கள் இதே கேள்விகளை இதே கோபத்தோடுதான் தினமும் கேட்பார்கள். என் வாய் தன்பாட்டுக்குப் பதில் சொல்லிக்கொண்டு போனது. “ஒற்றை முடிச்சுப் போட்டா நழுவும். பருத்தி வலையை வெயில்ல காயப் போடுவீங்க. இதை அப்படிப் போட்டா இத்துப்போயிடும். நிழல்லதான் வைக்கணும்” என்றேன்.

“விக்க வந்தவரே இத்துப்போவும்னு சொல்லுதாரே” என்றார் கித்தேரியம்மாள், பக்கத்தில் இருந்தவளிடம்.

அந்த வெயிலில் நான் எவ்வளவு நேரம் பேசினேன் என்பது எனக்குத் தெரியவில்லை. யாரும் கை தட்டவில்லை. குடிக்கத் தண்ணீரும் கொடுக்கவில்லை. அதை எதிர்பார்க்கிற நிலையிலும் நான் இல்லை. மாலைக் கூட்டத்தைக் கைவிட்டுக் கிளம்பும்போது, கம்பெனி மாதிரிக்கென்று தந்திருந்த ஒரே வலையைச் சூசையிடம் கொடுத்தேன். “வச்சுத் தொழில் பாருங்க. தூத்துக்குடியில கடைசிக் கூட்டத்தன்னிக்குக் கொண்டுவந்தாப் போதும்” என்றேன். மேனேஜரைக் கேட்காமல் செய்தேன். திருப்பிவிட்ட வள்ளங்களுக்கு என்னால் கொடுக்க முடிந்தது அதுதான்.

பஸ்ஸில் ஜெயசீலன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பிறகு, “உங்ககிட்ட எல்லாரும் கேள்வி கேக்காங்க சார். எங்கிட்ட இதுவரைக்கும் ஒருத்தர்கூட ஒண்ணும் கேட்டதில்ல” என்றான். கிண்டல் செய்கிறான் என்றுதான் நினைத்தேன்.

கடைசிக் கூட்டத்துக்கு மேனேஜர் வந்தார். துறைமுகத்துக்குப் போகும் சாலையோரத் திடல். முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் முதலில் கேட்டது, “வலை எங்கே?” என்பதுதான். கீழவைப்பாரில் கொடுத்திருக்கிறேன் என்றேன். “திரும்பி வரும்னு யார் சொன்னது?” என்றார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஜெயசீலன் பேசினான். அன்றைக்குப் போல அவன் என்றும் பேசியதில்லை. மேனேஜரே தொடையில் தாளம் போட்டார். சோடா வந்தது. மோட்டார் சைக்கிளில் அவன் போவதும், நான் மறுபடி எலிகளோடு உட்காருவதும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். மைக் முன்னால் போய் நின்றேன். நாக்கு வழக்கம்போல ஒட்டியது. அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து, “வழி விடுங்கலே” என்று ஒரு குரல். கித்தேரியம்மாளும் சூசையும் வந்தார்கள். சூசையின் தோளில் எங்கள் வலை. ஈரத்தோடு, செதில் ஒட்டிக்கொண்டு.

“இங்கன பாருங்க” என்று சூசை வலையைப் பிரித்தார். “இந்த இடத்துல முடிச்சு நழுவிருக்கு. நழுவாதுன்னு சொன்னியளே.”

“நழுவாதுன்னு சொல்லலைங்க. ஒற்றை முடிச்சு நழுவும்னு சொன்னேன்” என்று மேடையைவிட்டு இறங்கிப் போய்க் குந்தி உட்கார்ந்தேன். அறுந்த இடத்தை அவர்கள் பழக்கப்படி பருத்திக்குப் போடும் ஒற்றை முடிச்சால் பொத்தியிருந்தார்கள். பிரித்து, இரட்டை முடிச்சுப் போட்டு, இரண்டு பேரை இழுத்துப் பார்க்கச் சொன்னேன். நழுவவில்லை. அதற்குள் ஆட்கள் சுற்றிக்கொண்டார்கள். முதல் நாள் முடிச்சைப் பற்றிக் கேட்ட பெரியவரும் இருந்தார். “பொறகு சொல்லுதேன்னு சொன்னிய, இப்பச் சொல்லும்” என்றார். சொன்னேன். பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை என்றதும் எழுந்து நின்று சொன்னேன். எதிரில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று நான் அப்போது பார்க்கவே இல்லை.

என் தொண்டை கரகரத்தது. இருமினேன். அப்போது நான் எதிர்பார்த்துக் காத்திருந்தது நடந்தது. கூட்டத்தில் ஒருவர் எழுந்து ஓடினார். கையில் சோடாவோடு வந்தார். கட்டைவிரலைக் கோலிமேல் வைத்து டப்பென்று உடைத்தார். பொங்கியது. நான் கையை நீட்டினேன்.

“அதக் கொடுக்காதிய” என்றார் கித்தேரியம்மாள். “சோடா குடிச்சா மேடையில போயி ஒக்காந்துருவாரு. இன்னும் கேக்க வேண்டியது கெடக்கு. தம்பி, நீங்க சொல்லுங்க, பாசி புடிச்சா எப்படிக் கழுவுதது?”

மேனேஜர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் என் தோளில் கை வைத்து, “நீ இங்கேயே இரு, ஏகாம்பரம்” என்றார். தனி அறை வந்தது. மோட்டார் சைக்கிளும் வந்தது. இந்தக் கரையில் நான் பேசாத ஊர் இல்லை. எங்கே போனாலும் குறுக்கே மறித்துக் கேட்கிறார்கள். எங்கேயும் என்னை உட்காரவிட்டதில்லை.

அந்தச் சோடா என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். உடைத்த சோடாவை வீணாக்கக் கூடாது என்று அதைக் கொண்டுபோய் மேடையில் தனியாக இருந்த ஜெயசீலனிடம் கொடுத்தார்கள். அவன் எங்கள் கூட்டத்தையே பார்த்தபடி, மெதுவாக, கடைசிச் சொட்டுவரை குடித்தான். அன்றைக்கு அவனுக்கு அது இரண்டாவது சோடா.